பிழை திருத்தத்தின் விலை

2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவைக்குள் கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று புகுந்தது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரை வந்து போன கடிதங்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கொடுத்த விளக்கம்தான் கவனிக்க வேண்டியது. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அது காலாவதியானது என்று தெரியும். 2021இலிருந்தே மாற்ற எண்ணியிருந்தார்கள். நிதித் தட்டுப்பாடும் முந்தைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளும் தடையாகிவிட்டன.

அந்தப் பதிப்புக்கான திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது 2023 ஏப்ரல் 11ஆம் திகதி. நாலரை மாதம் கழித்துத் தாக்குதல். அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தேடிய அரசு, வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு மின்னஞ்சல் மென்பொருளுக்கா முதலில் காசு ஒதுக்கும்? காப்புப் பிரதி எடுக்காதது அவர்கள் குற்றம், அதற்கு வேறு யாரையும் நோக முடியாது. ஆனால் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. மென்பொருள் செய்து விற்றவர், தான் விட்ட பிழையைத் திருத்திக் கொடுப்பதற்கு மறுபடியும் காசு கேட்கலாமா? கேட்கலாம் என்றால் எத்தனை வருடம் கழித்து?

இது தலைநகரத்து அதிகாரிகளின் தலையிடி மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தன. அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு வருடத்துக்கு 30 டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா என்று வைத்தாலும் ஒன்பதாயிரம் ரூபா. காசு கட்ட விருப்பமில்லாவிட்டால் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகக் களஞ்சியத்தில் சேமிக்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழ்பவர்களுக்கு, நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த நெருக்குதலுக்குப் பின், அந்தச் சேமிப்பு நிபந்தனையும் நீங்கியது. நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு: கணினி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், பிறகு வருடாவருடம் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டொலர், நம் காசில் ஒரு இலட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபா. பாடசாலைகளுக்கு முறையே 1, 2, 4 டொலர்தான். ஒரே பிழை, ஒரே திருத்தம்; ஒருவருக்கு 7 டொலர், மற்றவருக்கு 427. திருத்துவதற்கு ஆன செலவை வைத்துப் போட்ட விலை இது இல்லை என்பது வெளிப்படை. பழைய கணினியை விட்டு வாடிக்கையாளரைக் கிளப்பும் விலை இது.

இந்தக் காசுக்குக் கிடைப்பதும் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே. அச்சு இயந்திரத்தோடு ஒத்துவராத கோளாறு, அடிக்கடி உறைந்து நிற்கும் கோளாறு எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

முல்லைத்தீவிலோ புதுக்குடியிருப்பிலோ கணினி திருத்தும் கடையில் அரை மணித்தியாலம் நின்றால், திருத்தத்துக்குக் காசா என்ற கேள்விக்கு வன்னி கண்டுபிடித்த விடை தெரியும். “மெசின் சரியான சிலோ, விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ” என்று ஒருவர் மடிக்கணினியை நீட்டுவார். கடைத் தம்பி பென்டிரைவைச் செருகிப் பழையதை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார். அங்கே வாங்கும் காசு தம்பியின் உழைப்புக்கு. அதில் ஒரு சதமும் மென்பொருள் செய்தவருக்குப் போவதில்லை. மென்பொருள் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், இலங்கைக் கணினிகளில் இருந்த மென்பொருளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உரிமம் இல்லாதது. கள்ளப் பிரதி வைத்திருப்பவருக்குத் திருத்தம் கேட்கும் உரிமை கிடையாதுதான். ஆனாலும் மைக்ரோசொஃப்ட் நெடுங்காலமாகக் கள்ளப் பிரதிகளுக்கும் முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை விட்டுக்கொடுத்து வந்தது. தருமம் செய்யும் எண்ணத்தில் இல்லை. ஓட்டை அடைக்காத ஒரு கணினி, காசு கொடுத்து வாங்கியவரின் கணினிக்கும் வைரஸை அனுப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடிப்படை நியாயம் வாடிக்கையாளர் பக்கம்தான். முல்லைத்தீவுக் கரையில் படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்கும் ஒருவர், ஐந்து வருடம் உப்புத் தண்ணீரில் ஓட்டித் தேய்ந்த பாகத்துக்குத் தன் காசில் மாற்றுப் போடுவார். வார்ப்பிலேயே வெடிப்பு இருந்தால் முகவரிடம் கொண்டுபோய் வைப்பார். மென்பொருளில் தேய்மானமே கிடையாது. பத்து வருடம் கழித்து வெளிப்படும் பிழையும் விற்ற அன்றே அதற்குள் இருந்ததுதான். அப்படிப் பார்த்தால் எல்லாப் பிழையும் வார்ப்புப் பிழை. எல்லாத் திருத்தமும் விற்றவர் பொறுப்பு.

கொம்பனிகள் இதற்கு எதிராக வைத்திருக்கும் கேடயம் உரிம ஒப்பந்தம். யாரும் வாசிக்காமல் “சம்மதம்” என்று அழுத்தும் அந்தப் பக்கங்களில், பொருள் உள்ளபடியே தரப்படுகிறது, பிழையின்றி ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கும். நீதிமன்றங்கள் எப்போதும் அதற்குத் தலையாட்டவில்லை. இங்கிலாந்தின் சென் ஓல்பன்ஸ் நகரசபை 1988இல் ஐசிஎல் நிறுவனத்திடம் வாங்கிய மென்பொருள், ஊரின் மக்கள்தொகையை 2,966 பேர் கூட்டிக் காட்டியது. அதை நம்பி வரி வீதத்தைக் குறைவாக வைத்த சபைக்குப் பெரும் நட்டம். எங்கள் பொறுப்பு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் போகாது என்று ஒப்பந்தத்தைக் காட்டியது ஐசிஎல். அந்த வரம்பு நியாயமற்றது என்ற தீர்ப்பை 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அமெரிக்காவில் இன்னும் நேரடியான வழக்கு ஒன்று நடந்தது. நியூ ஜேர்சி மருத்துவர் ஒருவர் 1996இல் மெடிக்கல் மனேஜர் என்ற மென்பொருளை ஏறத்தாழ 13,000 டொலர் கொடுத்து வாங்கினார். 2000ஆம் ஆண்டு பிறந்தால் அது ஓடாது, ஓட வேண்டுமானால் சுமார் 25,000 டொலருக்குப் புதிய பதிப்பும் புதிய இயந்திரமும் வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியது விற்றவர். நான்கு வருடத்தில் 2000 வரும் என்பது 1996இல் குழந்தைக்கும் தெரியும். மற்ற மருத்துவர்களும் சேர்ந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது; திருத்தம் இலவசமாகக் கிடைத்தது. அதே ஈராயிரமாம் ஆண்டுப் பிழையைக் கூலிக்குத் திருத்திக் கொடுத்துத்தான் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் உலகச் சந்தையில் காலூன்றின என்பது வேடிக்கையான பக்கவிளைவு. ஊரான் விட்ட பிழையைத் திருத்தக் காசு வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய கணினி அறிஞர் டொனால்ட் குனூத், பிழை கண்டுபிடிப்பவருக்குத் தானே காசோலை அனுப்பினார். 2.56 டொலரில் தொடங்கிய அந்தப் பரிசு இரட்டித்து இரட்டித்து 327.68 டொலரில் நின்றது. காசோலை கிடைத்தவர்களில் பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பளம் கொடுக்க வேறு யாரும் இல்லாதவர்களின் நிலை வேறு. ஐபிஎம்மில் பெருந்திட்டங்களை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதியது: பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் செலவு, அதை உருவாக்கிய செலவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாது, ஒரு பிழையைத் திருத்தும்போது புதிதாக ஒன்று நுழைய இருபதிலிருந்து ஐம்பது சதவீதம் வாய்ப்பு உண்டு. விற்பனை ஒருமுறை, செலவு முடிவில்லாதது. இந்தக் கணக்கை ஈடுகட்டப் பெரிய நிறுவனங்கள் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகின்றன. ஜேர்மனியின் எஸ்ஏபி 2008இல் அதை 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்த்தப் போனபோது வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2010இல் குறைந்த கட்டணத் தெரிவு ஒன்றை நிறுவனம் திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெருநிறுவனங்கள் சங்கமாய்ச் சேர்ந்து பேரம் பேசக்கூடிய இடம் அது.

மாங்குளத்துப் பலசரக்குக் கடைக்காரருக்குச் சங்கம் இல்லை. அவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த பிள்ளைக்கும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி படித்து வெளிவருகிறவர்கள், பில் போடும் மென்பொருளைச் சில பத்தாயிரம் ரூபாவுக்கு எழுதிக் கொடுப்பது இன்று புதினமில்லை. பிரச்சினை தொடங்குவது ஆறு மாதம் கழித்து.

“தம்பி, அரிசி கைவசம் சய எண்ணில காட்டுது. ஒருக்கா வந்து பாருமன்.”

“அண்ணை, அது சொஃப்ட்வெயார்ப் பிழையில்லை. நீங்கள் மூட்டையாப் பதிஞ்சுபோட்டு கிலோவா விக்கிறியள்.”

பத்து மூட்டை அரிசி வந்தது, பத்து என்று பதிந்தார்கள். பன்னிரண்டு கிலோ விற்றதும் கைவசம் சய இரண்டு என்று திரை காட்டுகிறது. ஒரு மூட்டை ஐம்பது கிலோ என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்க ஓர் இடம் உண்டு. கடைக்காரர் அதை நிரப்பவில்லை. நிரப்பாமல் விட்டால் எச்சரிக்கும்படி எழுதாதது தம்பியின் பிழையா? பார்க்காமல் விட்டது அண்ணையின் பிழையா? பதில் எழுத்தில் எங்கும் இல்லை. ஆகவே தம்பி மோட்டார் சைக்கிளில் முப்பது கிலோமீற்றர் ஓடிவந்து சரிசெய்துவிட்டு, பெற்றோல் காசு கேட்கவா விடவா என்று தலையைச் சொறிகிறார். இரண்டு வருடத்தில் தொலைபேசியை எடுப்பதை நிறுத்துகிறார். வன்னியில் மென்பொருள்கள் அநாதையாவது பெரும்பாலும் இப்படித்தான். கெட்ட எண்ணத்தால் என்று சொல்ல முடியாது.

சட்டம் மாறும்போது சிக்கல் இன்னும் கூடும். இலங்கையின் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 சதவீதம், 2022 யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வரிக்குப் பதிந்த வியாபாரி ஒவ்வொரு முறையும் பில்லை மாற்றியாக வேண்டும். அரசாங்கம் வீதத்தை மாற்றியதற்கு மென்பொருள் எழுதியவர் பொறுப்பாக முடியாது. இதற்குக் காசு கேட்பது முறையே. ஆனால் வீதத்தைப் பாவனையாளர் தானே மாற்றக்கூடிய ஒரு பெட்டியில் வைக்காமல், நிரலுக்குள் பத்து இடத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொரு முறையும் வந்து பத்து இடத்திலும் மாற்றிக் கூலி கேட்டால் அது வேறு விடயம். அங்கே மோசமான வேலையே வருமானமாகிவிடுகிறது. பிழைக்குக் காசு வாங்கும் முறையின் பெரிய ஆபத்தும் இதுதான்: கவனமாக எழுதியவர் பட்டினி கிடப்பார், அசட்டையாக எழுதியவருக்குச் சேர்விஸ் காசு வந்துகொண்டிருக்கும்.

பெங்களூரின் டாலி நிறுவனம் ஒரு நடுவழி வைத்திருக்கிறது. மென்பொருளை ஒருமுறை வாங்கினால் அது என்றும் உங்களுடையது. புதிய பதிப்புகள் வேண்டுமானால் வருடாந்தச் சேவைச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும்; விட்டுவிட்டால் அதுவரை வந்த பதிப்போடு நிற்கலாம். 2017 யூலையில் இந்தியா சரக்கு சேவை வரிக்கு மாறியபோது நிற்க முடிந்தவர்கள் குறைவு. இந்த முறையில் சட்ட மாற்றமும் புது வசதியும் பிழை திருத்தமும் ஒரே பொதியில் வருகின்றன. அதுவே அதன் வசதி, அதுவே அதன் குறை: எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிழைக்கும் வசதிக்கும் நடுவே கோடு போடுவது யார் என்பதை வன்னியின் படக்கடைகளில் பார்க்கலாம். கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடிக்கிற இடங்களில் ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்பு ஒன்று இன்னும் ஓடும். ஒருங்குறித் தமிழை அதற்குள் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். ஆகவே பாமினி எழுத்துருவில் தட்டுகிறார்கள். அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ் எழுதுபவருக்கு இது பச்சைப் பிழை. அடோபியின் கணக்கில் தெற்காசிய மொழி ஆதரவு பிந்திய பதிப்புகளில் சேர்ந்த புது வசதி. 2013இல் நிறுவனம் சந்தா முறைக்கு மாறியபின் அந்த வசதிக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். சிறுபான்மை மொழிக்காரருக்குப் பிழை என்று தெரிவது விற்பவருக்கு வசதி என்று தெரிவது இங்கு மட்டும் நடக்கும் சங்கதி இல்லை.

பாதுகாப்பு ஓட்டைகளில் மட்டும் இந்த இழுபறிக்கு இடமே கொடுக்கக் கூடாது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பீக்கான ஆதரவு முடிந்தபோது பிரித்தானிய அரசு மேலும் ஒரு வருடத் திருத்தங்களுக்காக 55 இலட்சம் பவுண் கட்டியது. அமெரிக்கக் கடற்படை 2015இல் 91 இலட்சம் டொலர் கட்டியது. 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் உலகைச் சுற்றியது. இங்கிலாந்தில் 236 பொது மருத்துவ நிர்வாகங்களில் 81 பாதிக்கப்பட்டன. உடனே மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பீக்கான திருத்தத்தை எல்லாருக்கும் இலவசமாக விட்டது. அந்தக் கோப்பின் இலக்கக் கையொப்பம் 2017 பெப்ரவரியைக் காட்டியது. திருத்தம் மூன்று மாதமாகத் தயாராக இருந்திருக்கிறது, காசு கட்டியவர்களுக்கு மட்டும். ஆனால் அன்று தொற்றிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்குத் திருத்தம் மார்ச்சிலிருந்தே இலவசமாகக் கிடைத்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. இலவசம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே வருடம் இந்திய அரசு, தன் கோடிக்கணக்கான பாவனையாளருக்கு விண்டோஸ் 10ஐக் கால் விலைக்கும் குறைவாகத் தரும்படி மைக்ரோசொஃப்டிடம் கேட்டது. அவ்வளவு பெரிய சந்தைக்குக் கேட்க வாய் இருக்கிறது.

திறந்த மூல மென்பொருள் இதற்கெல்லாம் மருந்து என்று சொல்வதுண்டு. இலங்கையில் அதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போன நாட்களில், கொழும்பில் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் சகானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர், முகாம், உதவி அமைப்பு என்று பதிந்து தேடுவதற்கு. அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருதையும் பெற்றது. பிழையைத் திருத்தியவர்கள் தொண்டர்கள், காசு கொடுத்தது கொடையாளர். அனர்த்தம் நடந்த சூட்டில் கைகள் தானாக வரும். ஐந்தாம் வருடம் வருமா என்பது எல்லாத் தொண்டு மென்பொருளுக்கும் உள்ள சோதனை.

மற்றச் சாட்சி டபிள்யூஎஸ்ஓ2. சஞ்சீவ வீரவரண 2005இல் வேறு இருவருடன் தொடங்கிய இந்த நிறுவனத்தின் மூலநிரல் முழுவதும் இலவசம். பிறகு எதை விற்றார்கள்? பெரும்பாலும் திருத்தத்தை. வெளியான பதிப்பில் பிழை கண்டால், சோதித்துப் பொதிசெய்த திருத்தம் சந்தாக்காரருக்குப் போகும். மற்றவர்கள் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கலாம், அல்லது பொதுவில் கிடக்கும் நிரலிலிருந்து தாங்களே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் அதன் மென்பொருள்களில் எவரும் கடவுச்சொல் இன்றியே கோப்பை ஏற்றி வழங்கியைக் கைப்பற்றக்கூடிய பயங்கரமான ஓட்டை ஒன்று பகிரங்கமானபோது, சந்தா இல்லாதவர்களுக்கும் திருத்த நிரலையும் தற்காலிகத் தடுப்பு முறையையும் நிறுவனம் பகிரங்கமாகவே வைத்தது. 2024இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் மதிப்பிட்டு டபிள்யூஎஸ்ஓ2ஐ வாங்க உடன்பட்டது. திருத்தத்தை விற்றும் கௌரவமாக வாழலாம் என்பதற்கு இலங்கையிலேயே அத்தாட்சி. ஆனால் இங்கே வாங்குபவருக்கு நிரல் கையில் இருக்கிறது. காசு போவது நேரத்துக்கும் உறுதிக்கும். நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு திருத்தத்துக்கு விலை சொல்வதை இதோடு ஒரே தராசில் நிறுத்த முடியாது.

சட்டம் மெல்லத்தான் வருகிறது. இலங்கையில் விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்லும் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது; நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டினது. வாங்கிய நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்ற பழைய சட்டத்தின் கோட்பாடு நல்லதுதான். மென்பொருளுக்கு எத்தனை வருடம் திருத்தம் தரவேண்டும் என்று அதில் தேடிப் பயனில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் பொதியாக விற்கப்படும் மென்பொருள் “சரக்கு” என்று தீர்ப்பளித்தது, ஆனால் அந்த வழக்கே விற்பனை வரிக்காக நடந்தது. நேராக விடயத்துக்கு வந்தது ஐரோப்பிய ஒன்றியம். 2024இல் நடைமுறைக்கு வந்த அதன் இணைய மீளாற்றல் சட்டம், பொதுவாக ஐந்து வருடத்துக்குக் குறையாத ஆதரவுக் காலத்தை விற்பவர் விற்கும்போதே அறிவிக்க வேண்டும், அந்தக் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. ஒரு தொழில் நிறுவனத்துக்கென்றே தைத்துக் கொடுத்த மென்பொருளுக்கு மட்டும் இரு தரப்பும் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளலாம். புது வசதிக்கு விலை சொல்லவும் தடையில்லை.

கோட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். திருத்தத்துக்கு என்றைக்கும் காசு கேட்கக் கூடாது என்று சொன்னால் அறிவியல் நகரத்துப் பிள்ளை தொழிலை விட்டுவிடுவார். எப்போதும் கேட்கலாம் என்று விட்டால் ஓட்டையோடு விற்பதே இலாபமாகிவிடும். காலத்தை முன்கூட்டிச் சொன்னால் விலையும் அதற்கேற்பப் போடப்படும். கடைக்காரரும் இருபதாயிரம் ரூபா மென்பொருளுக்கும் நாற்பதாயிரம் ரூபா மென்பொருளுக்கும் இடையே எதைத் தெரிவது என்று கணக்குப் பார்ப்பார். மூட்டையும் கிலோவும் யார் பொறுப்பு, வரி வீதம் மாறினால் கூலி எவ்வளவு, எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டால் நிரல் யார் கையில் என்பதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். பிரதேச சபையோ கூட்டுறவுச் சங்கமோ கேள்விப்பத்திரம் கோரும்போதே இந்த அரைப் பக்கத்தைச் சேர்க்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஐரோப்பியச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11ஆம் திகதி தொடக்கம் செல்லும். அன்றிலிருந்து, நிறுவிப் பாவிக்கும் மென்பொருளை ஐரோப்பியச் சந்தைக்கு விற்கும் கொழும்பு நிறுவனமும் யாழ்ப்பாண நிறுவனமும் பேர்லினில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புத் திருத்தத்தைக் காசு வாங்காமல் அனுப்பியாக வேண்டும். அதே மென்பொருளின் இன்னொரு பிரதியை ஒட்டுசுட்டானில் வாங்குபவருக்கு அப்படி அனுப்ப வேண்டிய கடமை அந்த நிறுவனத்துக்குக் கிடையாது, அவர் கேட்டு எழுதி வாங்கியிருந்தால் தவிர.